பெர்க்லி கேட்டன்: இப்போதே சியாட்டிலா, இன்னொரு வருடம் ஸ்பொக்கேனா? (செப்டம்பர் 2025)

நீலக்கோடு

ஐஸ் ஹாக்கி சீசனுக்கு முந்தைய கேம்பில் ஆட்கள் பனியில் இறங்கும் நேரம் வந்துவிட்டது, ஆகவே இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தனி இழை.

கேட்டன், 2024 டிராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) சியாட்டில் கிராக்கன் 8-வது இடத்தில் எடுத்தவர். வயது 19. உயரம் 5 அடி 10 அங்குலம், எடை 170 பவுண்டைச் சுற்றி. வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்எச்எல்லில் சராசரி ஆள் 6 அடி 1 அங்குலம், 200 பவுண்டுக்குப் பக்கம். ஸ்பொக்கேன் சீஃப்ஸ் என்ற ஜூனியர் அணிக்கு 2023-24-இல் 68 ஆட்டத்தில் 54 கோல், 62 அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்த பாஸ்). போன சீசன் 57 ஆட்டத்தில் 38 கோல், 71 அசிஸ்ட், அதன் பிறகு அவர்கள் ஆடும் ஜூனியர் லீகான டபிள்யூஎச்எல்லின் இறுதிச் சுற்று. அங்கே மெடிசின் ஹேட்டிடம் தோற்றார்கள்.

புதியவர்களுக்காக விதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி இழை அதிலேயே போய்விடும். கனடிய மேஜர் ஜூனியரிலிருந்து (டபிள்யூஎச்எல், ஓஎச்எல் போன்ற லீகுகள், மொத்தமாக சிஎச்எல்) எடுக்கப்பட்டவருக்கு அந்த சீசனின் டிசம்பர் 31-க்குள் 20 வயது ஆகாவிட்டால், ஜூனியரில் நான்கு வருடமும் முடிக்கவில்லை என்றால், அவரை என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள ஏஎச்எல்லில் ஆட விட முடியாது. என்எச்எல்லில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஜூனியருக்குத் திருப்ப வேண்டும். கேட்டன் பிறந்தது 2006 ஜனவரி 14. இரண்டு வாரம் முன்னால் பிறந்திருந்தால் சியாட்டிலின் ஏஎச்எல் அணியான கோச்செல்லா வேலியில் ஒரு வருடம் ஆடவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட புதிய ஒப்பந்தப்படி ஒவ்வோர் அணியும் ஒரு 19 வயதுக்காரரை ஏஎச்எல்லுக்கு அனுப்பலாம், ஆனால் அது 2026-27-இலிருந்துதான். அப்போது இவருக்கு அந்தச் சலுகையே தேவைப்படாது.

ஆக இரண்டே கதவு. எது?

மூலைச்சுவர்

புள்ளிக் கணக்கை (கோலும் அசிஸ்டும் சேர்ந்தது) கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். ஜூனியரில் 100 புள்ளி எடுத்த சின்ன உடல்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். மார்கோ ரோஸ்ஸி ஒட்டாவா 67'ஸ் ஜூனியர் அணியில் 56 ஆட்டத்தில் 120 புள்ளி. 5 அடி 9 அங்குலம். 2022-23-இல் மினசோட்டா அவரை சீசன் தொடக்கத்திலிருந்தே அணியில் வைத்தது. 19 ஆட்டத்தில் ஒரு அசிஸ்ட், கோல் இல்லை. கை வித்தை ஒரே இரவில் காணாமல் போய்விட்டதா? இல்லை. பக் (ஆடும் வட்டு) கையில் வரும் இடம் மாறிவிட்டது. ஜூனியரில் நியூட்ரல் ஜோன் (இரு நீலக்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி) நடுவில், வேகத்தோடு வாங்குகிறீர்கள். மேலே என்எச்எல்லில் ரிங்கின் சுவரில், நின்றபடி, முதுகில் ஒரு ஆளோடு வாங்குகிறீர்கள்.

நான் பார்ப்பது ஒரே ஒரு காட்சி. நம் பக்க நெட்டுக்குப் பின்னால் டிஃபென்ஸ்மேன் பக்கை போர்டு (ரிங்கின் சுவர்) வழியாகச் சுற்றி விடுகிறார். விங்கர் (ஓர ஃபார்வர்டு) அரைச்சுவரில் (பக்கச் சுவரின் நடுப்பகுதியில்) நிற்கிறார். எதிரணி டிஃபென்ஸ்மேன் நீலக்கோட்டிலிருந்து பிஞ்ச் செய்து, அதாவது பக்கைப் பறிக்கத் தன் இடத்தை விட்டு முன்னேறி, இறங்குகிறார். அந்த இரண்டு நொடியில் நடக்க வேண்டியது: பக் வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் இரண்டு தடவை பார்க்க வேண்டும், ஒன்று பிஞ்ச் வருகிறதா என்று, இன்னொன்று சென்டர் (நடு ஃபார்வர்டு) எங்கே என்று. இடுப்பைச் சுவரோடு ஒட்டி, முழங்காலை மடக்கி, பக் வரும் பாதையில் ஸ்கேட்டையும் பிளேடையும் சேர்த்து வைக்க வேண்டும். ஒன்று தவறினால் மற்றொன்று தடுக்கும். பிறகு மூன்றில் ஒன்று: ஒரே தட்டில் உள்ளே சென்டருக்கு, அல்லது பிஞ்ச் செய்பவரைத் தாண்டிச் சுவரில் மெல்லத் தட்டி, அல்லது ஒன்றுமே இல்லையென்றால் கண்ணாடியில் உயர்த்தி வெளியே.

தவறு எங்கே நடக்கிறது? திறமையுள்ள பையன்கள் நாலாவது வழியைத் தேடுகிறார்கள். பக்கை நிறுத்தி, தலை குனிந்து, ஆளை ஏமாற்றிவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறார்கள். டபிள்யூஎச்எல்லில் பிஞ்ச் செய்யும் 17 வயதுப் பையன் அரை நொடி தாமதமாக வருகிறான், அந்த அரை நொடி இவர்களுக்குப் போதும். என்எச்எல்லில் அவர் பக்கோடு சேர்ந்தே வந்துவிடுவார். சுவரில் ஒட்டிவிடுவார், பக் போய்விடும், அந்த ஷிஃப்ட் (ஒருவர் ஒரு தடவை பனியில் இருக்கும் நேரம்) முழுக்க நம் பக்கத்திலேயே முடியும். ஒரு ஆட்டத்தில் இது மூன்று முறை நடந்தால் எந்தக் கோச்சும் பெஞ்சில்தான் வைப்பார்.

கேட்டன் இதை எத்தனை தடவை சுத்தமாகச் செய்கிறார் என்பதுதான் என் அளவுகோல்.

ஸ்காபரோத்_தமிழன்

எனக்கு விளங்கேல்லை, ஏன் எல்லாரும் இவ்வளவு அவசரப்படுறீங்கள் எண்டு. மார்னரை நினைச்சுப் பாருங்கோ. 2015-இல் 4-வது ஆள். ரொறொன்ரோ லீஃப்ஸ் திருப்பி ஒன்ராறியோவிலை இருக்கிற லண்டன் ஜூனியர் அணிக்கு அனுப்பினவை. 160 பவுண்ட் பொடியன், சுவரிலை அடிபட்டுப் போவான் எண்டுதான் அப்ப பேச்சு. அங்க 57 ஆட்டத்திலை 116 புள்ளி, பிளேஆஃபிலை 18 ஆட்டத்திலை 44, மெமோரியல் கப் (கனடிய ஜூனியர் கிண்ணம்). அடுத்த வருசம் மேலே வந்து 77 ஆட்டத்திலை 61 புள்ளி. அந்த ஒரு வருசத்தாலை என்ன கெட்டது? ஒண்டும் இல்லை.

டெப்ரிங்கட்டும் அப்பிடித்தான். 5 அடி 7 அங்குலம். 2016-இல் 39-வதா எடுத்த சிகாகோ திரும்ப ஈரி ஒட்டர்ஸ் ஜூனியர் அணிக்கு விட்டது. 63 ஆட்டத்திலை 65 கோல். அடுத்த சீசன் 82 ஆட்டமும் சிகாகோவிலை ஆடி 28 கோல். ஒரு வருசம் பொறுத்தால் பத்து வருசம் கிடைக்கும்.

ஐ90_ரசிகை

அண்ணா, மார்னருக்கும் டெப்ரிங்கட்டுக்கும் அது டிராஃப்டுக்குப் பிந்தைய முதல் வருடம். 18 வயது. கேட்டன் அந்த வருடத்தைப் போன சீசனே முடித்துவிட்டார். நீங்கள் கேட்பது இன்னுமொரு வருடம். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று. போன சீசன் பிற்பாதியில் அவரோடு ஆடியது ஆண்ட்ரூ கிறிஸ்டல். ஜனவரியில் கெலோனாவிலிருந்து வந்தார், 132 புள்ளியோடு லீகிலேயே முதலிடம். அவர் 2005 பிப்ரவரியில் பிறந்தவர், வயது தாண்டிவிட்டது, அவரை எடுத்திருக்கும் வாஷிங்டன் அணி ஏஎச்எல்லில் ஆடவிடலாம். ஸ்பொக்கேனுக்குத் திரும்பினால் கேட்டனின் வேகத்துக்கு யோசிக்கும் கூட்டாளி இல்லை.

தனக்குச் சமமானவர் இல்லாத இடத்தில் மிகத் திறமையான பையன் என்ன கற்றுக்கொள்வார்? பக்கை அதிக நேரம் வைத்திருக்கக் கற்றுக்கொள்வார். ஷிஃப்ட் ஒரு நிமிடத்தைத் தாண்டும், ஏனென்றால் கோச்சுக்கு அவர் பனியில் இருக்க வேண்டும். என்எச்எல்லில் 45 நொடியில் மாறாவிட்டால் அடுத்த ஆள் கால் தளர்ந்து நிற்கும்போது கோல் விழும். நீலக்கோட்டுக்கு உள்ளே நுழைந்ததும் வட்டமாகத் திரும்பி, பின்னால் வருபவருக்காகக் காத்திருப்பார். அங்கே அது வேலை செய்யும். இங்கே பின்னால் துரத்தி வரும் எதிரணி ஃபார்வர்டு, திரும்பும் அந்த வட்டத்திலேயே ஸ்டிக்கை வைத்துப் பறித்துக்கொண்டு போவார். கெட்ட பழக்கங்கள் வெற்றியிலிருந்துதான் வருகின்றன. தோல்வி வந்தால் தானே திருத்திக்கொள்வார்களே.

ஃபேஸ்ஆஃப்_புள்ளி

சென்டரா விங்கா என்று முடிவு செய்யாமல் "தயாரா" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டும் இரண்டு வேலை.

சென்டராக வைத்தால் நம் பக்கத்தில் அவர்தான் மூன்றாவது டிஃபென்ஸ்மேன். நெட்டுக்குக் கீழே, மூலையில், ஆளோடு ஒட்டி நிற்க வேண்டும். சியாட்டில் ஆடும் பசிபிக் டிவிஷனில் அந்த இடத்தில் எதிரே வருபவர்கள் யார்? லாஸ் ஏஞ்சலஸில் கோபிடார், 6 அடி 3. பைஃபீல்டு, 6 அடி 5. வேகஸில் ஹெர்ட்டல். எட்மன்டனில் டிரைசைடில், அவர் பின்னங்கையால் பக்கை மறைத்துக்கொண்டு இடுப்பை வெளியே தள்ளினால் 210 பவுண்ட் ஆட்களே தடுமாறுகிறார்கள். மூலையிலிருந்து ஒருவர் நெட் முன்னால் நடந்து வருவதைத் தடுக்க எடை வேண்டும், அதற்கு மாற்று வழி இல்லை. ஸ்டிக்கை மட்டும் வைத்துச் சமாளித்தால் மாதத்துக்கு நாலைந்து ஹூக்கிங் (ஸ்டிக்கால் ஆளை இழுப்பது) பெனால்டி.

ஃபேஸ்-ஆஃப் (நடுவர் பக்கைப் போட, இருவர் அதற்குப் போட்டியிடுவது) இன்னொரு பிரச்சினை. சின்ன ஆட்கள் வெல்ல முடியாது என்றில்லை, உயரம் குறைந்தால் இடுப்பு கீழே இருப்பது நன்மைகூட. ஆனால் இளம் சென்டர்கள் கை வேகத்தை மட்டும் நம்புகிறார்கள். மூத்தவர்கள் முதலில் எதிராளியின் ஸ்டிக்கைக் கட்டிவிட்டு, பிறகு காலால் பக்கைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். அது வருடக் கணக்கில் வரும் பாடம்.

இடது விங்கில் வைத்தால் கதை மாறுகிறது. அவர் இடதுகை ஷாட். தன் பக்க அரைச்சுவரில் பிளேடு சுவரை ஒட்டியே இருக்கும், சுற்றி வரும் பக்கை முன்பக்க பிளேடால் வாங்கலாம். வலது விங்கில் அதே பக்கைப் பின்பக்கத்தால் வாங்க வேண்டும், அங்கேதான் துள்ளிப் போகும். மூலைச்சுவர் சொன்ன அந்தக் காட்சியில் பாதிச் சிரமம் பக்கத்தைச் சரியாகத் தேர்ந்தாலே குறைந்துவிடும்.

சியாட்டிலில் நடுவில் பெனியர்ஸ், ஷேன் ரைட், ஸ்டீஃபன்சன் ஏற்கெனவே இருக்கிறார்கள். இந்தக் கோடையில் மினசோட்டாவிலிருந்து ஃபிரெடெரிக் கோட்ரோவும் வந்துவிட்டார். ஆகவே விங்தான்.

எடைத்தட்டு

உடல் பற்றிப் பேசுபவர்கள் "இன்னும் 15 பவுண்ட் ஏற்ற வேண்டும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கே ஏற்றுவது, எவ்வளவு நாளில், என்ன விலை கொடுத்து என்று கேட்க வேண்டும்.

முதலில் கணக்கு. 205 பவுண்ட் ஆளும் 170 பவுண்ட் ஆளும் ஒரே வேகத்தில் மோதினால் பெரியவரிடம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உந்தம். இதை எடையேற்றி மட்டும் சமன் செய்ய முடியாது. 19 வயதில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற உடம்பில், ஒரு கோடையில் கொழுப்பில்லாமல் 5 முதல் 8 பவுண்ட் ஏறினாலே மிக நல்ல கோடை. அதற்கு மேல் வலிந்து ஏற்றினால் முதல் மூன்று அடியின் வெடிப்பு போய்விடும். சின்ன ஆளுக்கு இருக்கும் ஒரே கவசம் அந்த மூன்று அடிதான். அதை விற்று எடை வாங்குவது முட்டாள்தனம்.

எங்கே வேண்டும் என்றால் இடுப்பு, பின்தொடை, உள்தொடை, கழுத்து. சுவரில் ஒட்டப்படும்போது தாங்குவது நெஞ்சுத் தசை அல்ல. ஒற்றைக் காலில் தாழ உட்கார்ந்த நிலையில் யாராவது பக்கவாட்டில் தள்ளும்போது அந்தக் காலின் விளிம்பு வழுக்காமல் நிற்க வேண்டும். எனவே ஒற்றைக் கால் ஸ்குவாட், பக்கவாட்டு லஞ்ச், அறுகோணப் பட்டையில் டெட்லிஃப்ட், உள்தொடைக்கு கோபன்ஹேகன் பிளாங்க். உள்தொடையை விட்டுவிட்டால் நவம்பரில் கவட்டைப் பிடிப்பு நிச்சயம், ஹாக்கியில் வேகமான ஸ்கேட்டர்களைப் படுக்கவைக்கும் காயம் அது. கழுத்துக்கு வாரம் மூன்று தடவை நாலு திசையிலும் எதிர்ப்புப் பயிற்சி. சின்ன ஆளின் தலை பெரியவரின் தோள் மட்டத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

சீசன் தொடங்கிய பிறகு என்ன ஆகும் என்பதும் முக்கியம். டபிள்யூஎச்எல் 68 ஆட்டம், என்எச்எல் 82. பஸ்ஸுக்குப் பதில் விமானம், ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு ஹோட்டல் போய் அடுத்த நாள் மறுபடி ஆட்டம். கோடையில் ஏற்றிய எடை ஜனவரிக்குள் உருகிவிடுவதுதான் இளம் ஆட்களிடம் வழக்கம். கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் புரதம் என்று வைத்தால் 77 கிலோ ஆளுக்கு நாளுக்கு 125 முதல் 170 கிராம். ஆட்டம் முடிந்து பசியே இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் சாப்பிடுபவர்தான் எடையைக் காப்பாற்றுகிறார். இதை அணியின் உணவு ஆலோசகர் பக்கத்தில் இருந்து கவனிக்க முடியும். அந்த வகையில் சியாட்டில் ஸ்பொக்கேனைவிடப் பல மடங்கு மேல்.

ஸ்காபரோத்_தமிழன்

எடைத்தட்டு, நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனால் தலை தோள் மட்டத்திலை இருக்கு எண்டு நீங்களே சொல்லுறீங்கள். எனக்குப் பயம் அதுதான். 19 வயதிலை ஒரு பெரிய மூளை அதிர்ச்சி வந்தால் பிறகு அந்தப் பொடியன் சுவருக்குப் போகவே யோசிப்பான்.

எடைத்தட்டு

நியாயமான பயம். ஆனால் அடி விழும் விதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திறந்த பனியில் சின்ன ஆட்கள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். ஆபத்தான இடம் போர்டிலிருந்து மூன்று நாலு அடி. சுவரோடு ஒட்டி நின்றால் மோதலைச் சுவர் வாங்கிக்கொள்ளும். நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, தலை குனிந்து பக்கை எடுத்தால் தள்ளியவுடன் தலைதான் முதலில் போய் மோதும். போர்டிங்குக்கு (ஆளைச் சுவரில் மோதத் தள்ளுவது) விதி 41 இருக்கிறது, தலையில் அடித்தால் விதி 48 இருக்கிறது, ஆனால் அவை அடி விழுந்த பிறகுதான்.

ஆகவே இரண்டே விதி: ஒன்று சுவரில் ஒட்டு, அல்லது சுவரை விட்டு முழுதாக விலகு. பக்கை நோக்கி நேர்க்கோட்டில் போகாமல் சற்று வளைந்து போனால் துரத்தி வருபவர் பின்னாலிருந்து அடிக்க முடியாது, பக்கவாட்டில்தான் வர முடியும். இதை யாரும் ஜிம்மில் கற்றுத்தர மாட்டார்கள். வேகமான எதிராளி இருந்தால்தான் பழகும்.

மூலைச்சுவர்

அதே புள்ளியில் பென்சனைச் சொல்ல வேண்டும். பஃபலோ 2023-இல் 13-வதாக எடுத்த ஸாக் பென்சன், கேட்டனைவிடப் பெரியவர் இல்லை. 18 வயதில் நேராக அணியில், 71 ஆட்டம், 11 கோல், 19 அசிஸ்ட். அவரை அணியில் வைத்தது புள்ளி அல்ல, பக்கை மீட்கும் வேலை. எதிரணி டிஃபென்ஸ்மேன் திரும்புவதற்கு முன் ஸ்டிக்குக்குக் கீழே தன் ஸ்டிக்கை நுழைத்துத் தூக்கிவிடுவார். உடம்பால் மோதமாட்டார், முதலில் உள்பக்கத்தில் போய் நிற்பார். முழங்கையின் கீழே நுழைந்துவிட்ட சின்ன ஆளைப் பெரிய ஆள் தள்ளுவது கடினம், புவியீர்ப்பு மையம் கீழே இருக்கிறது.

கேட்டனிடம் அந்த வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது. பெனால்டி கில்லில் (அணி ஒரு ஆள் குறைந்து ஆடும்போது) ஸ்பொக்கேனுக்கு அவர் ஆடுவதைப் பாருங்கள், பாஸ் போகும் பாதையை முன்கூட்டியே படித்துப் பறித்துவிடுகிறார். ஐந்துக்கு ஐந்தில் பக்கை இழந்த பிறகு முதல் இரண்டு அடி சோம்பலாக இருக்கிறது. படிக்கும் மூளை இருக்கிறது என்பதற்கு முதலாவது சாட்சி, அதைத் தினமும் கேட்கும் ஆள் வேண்டும் என்பதற்கு இரண்டாவது.

பனித்துளி

ஒரு சந்தேகம். இப்போது சிஎச்எல் ஆட்களும் அமெரிக்கக் கல்லூரியில் ஆடலாம் என்று ஆகிவிட்டதே. மெக்கென்னா என்ற ஜூனியர் ஆட்டக்காரர் பென் ஸ்டேட் கல்லூரிக்குப் போயிருக்கிறார். கேட்டன் ஏன் அந்த வழியில் போகக் கூடாது? 22, 23 வயது ஆட்களோடு ஆடலாமே?

நீலக்கோடு

நல்ல கேள்வி தம்பி, ஆனால் அந்தக் கதவு மூடிவிட்டது. கேட்டன் 2024 கோடையிலேயே கிராக்கனோடு தொடக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்எச்எல் ஒப்பந்தம் போட்டவர் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவில் ஆட முடியாது. மெக்கென்னா இன்னும் டிராஃப்டே ஆகாதவர்.

ஒப்பந்தம் என்றதும் 9 ஆட்டக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 18, 19 வயதில் ஒரு சீசனில் 10 என்எச்எல் ஆட்டத்துக்குக் கீழே ஆடினால் மூன்று வருட ஒப்பந்தத்தின் முதல் வருடம் எரியாமல் தள்ளிப்போகும். போன வருடம் ஒரு தடவை தள்ளிப்போய்விட்டது. இந்த வருடமும் 9-க்குள் நின்றால் மறுபடி தள்ளிப்போகும், 10-வது ஆட்டம் ஆடினால் கடிகாரம் ஓடத் தொடங்கும். அணியின் பட்டியலில் 40 ஆட்டம் இருந்தால் கட்டற்ற ஏஜென்ட் (எந்த அணிக்கும் போகக்கூடியவர்) ஆவதற்கான ஏழு வருடத்தில் ஒன்று கழியும். ஆக நிர்வாகத்துக்கு இரண்டு நிறுத்தம்: 9, 40.

கவனிக்க வேண்டியது, 9-க்கு எண்ணுவது ஆடிய ஆட்டத்தை மட்டும். சில ராத்திரி ஆடவிடாமல் மேலே பிரஸ் பாக்ஸில் உட்கார வைத்தால் 9 என்பது நவம்பர் நடுவரை நீளும்.

ஐ90_ரசிகை

அந்த நீட்டல்தான் ரைட்டுக்கு நடந்தது, அதை மறக்கக் கூடாது. 2022-இல் 4-வது. 2022-23 தொடக்கத்தில் சியாட்டில் வைத்துக்கொண்டது, ஆனால் ஆட விடவில்லை. ஒரு ராத்திரி ஏழு நிமிடம், அடுத்த மூன்று ராத்திரி உடை மாற்றாமல் மேலே. பல ஆட்டம் உட்கார வைத்த பிறகு கண்டிஷனிங் (ஆட்டப் பழக்கத்தை மீட்பது) என்ற பெயரில் ஏஎச்எல்லுக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். வயது போதாதவரையும் 14 நாள் வரை அப்படி அனுப்பலாம். அங்கே 5 ஆட்டத்தில் 4 கோல். பிறகு டிசம்பரில் உலக ஜூனியர் போட்டி, கனடாவுக்கு கேப்டன், தங்கம். பிறகு ஓஎச்எல். அந்த சீசனில் மொத்தம் 8 என்எச்எல் ஆட்டம்.

ஆள் கெட்டுப்போகவில்லை, போன சீசன் 79 ஆட்டத்தில் 44 புள்ளி. ஆனால் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் 18 வயதுப் பையனுக்கு ஆட்டமே இல்லாமல் போனது. பயிற்சியில் என்னதான் செய்தாலும் ஆட்ட வேகத்தில் சுவர் வேலை பழகாது.

என் நிலை இதுதான்: வைத்தால் ஆட விடுங்கள். 12 அல்லது 13 நிமிடம், ஒவ்வொரு ராத்திரியும். 7 நிமிடம் என்றால் நாளைக்கே ஐ-90 நெடுஞ்சாலையில் ஏற்றி ஸ்பொக்கேனுக்கு அனுப்புங்கள், 280 மைல்தான்.

ஃபேஸ்ஆஃப்_புள்ளி

12 நிமிடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன், பிடிக்கவில்லை. இடது பக்கம் மெக்கேன், ஷ்வார்ட்ஸ், டால்வானன், இப்போது டல்லஸிலிருந்து மார்ச்மென்ட். நாலு பேரும் 12-க்கு மேல் ஆடுபவர்கள். ஒருவரை வலது பக்கம் மாற்றினால் ஒழிய மூன்றாம் வரிசையில் இடமில்லை. நாலாம் வரிசையில் வைத்தால் கூட ஆடுபவர்கள் பக்கைச் சுவரில் அடித்துத் துரத்துபவர்கள். பாஸ் கொடுக்கும் ஆளை அங்கே வைத்தால் அவருக்கும் பயனில்லை, வரிசைக்கும் பயனில்லை.

சரியாகச் செய்தால் இப்படி இருக்கும். சொந்த ரிங்கில் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை நமக்கு, அதை வைத்து எதிரணியின் மூன்றாம் டிஃபென்ஸ் ஜோடிக்கு எதிரே விடலாம். ஃபேஸ்-ஆஃப் எதிரணிப் பக்கத்தில் இருக்கும்போது இறக்கலாம். இரண்டாவது பவர் பிளே குழுவில் (எதிரணி ஒரு ஆள் குறைந்திருக்கும்போது ஆடும் குழு) இடது அரைச்சுவர், அவர் ஷாட்டை நம்பி அல்ல, அங்கிருந்து நெஞ்சைத் திறந்து நடுவில் பாஸ் விடுவதற்காக. வெளியூர் ஆட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை, அங்கே எதிரணி கோச் தன் கனமான வரிசையை வேண்டுமென்றே எதிரே இறக்குவார். அந்த ராத்திரிகளில் 10 நிமிடம் ஆனாலும் தவறில்லை.

மூலைச்சுவர்

கோஃபீல்டை யாரும் சொல்லவில்லையே. 5 அடி 7 அங்குலம், 2021-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருது, அந்த வசந்தத்தில் மான்ட்ரியாலோடு என்எச்எல்லின் ஸ்டான்லி கப் இறுதிவரை. எல்லோரும் தயார் என்றார்கள். 2021-22-இல் முதல் 30 ஆட்டத்தில் ஒரே கோல். நடுவில் ஏஎச்எல் அணியான லவாலுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் மார்ட்டின் செயின்ட் லூயி கோச்சாக வந்தார். அவரும் 5 அடி 8, டிராஃப்டே ஆகாமல் வந்து 2004-இல் ஆர்ட் ராஸ் (அதிகப் புள்ளி), ஹார்ட் (மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்) விருது இரண்டும் வாங்கியவர். மீதி 37 ஆட்டத்தில் கோஃபீல்டுக்கு 22 கோல். உடம்பு பிப்ரவரியில் வளரவில்லை. பக்கை எங்கே வாங்குவது என்பதும் நிமிடமும் மாறியது.

இதில் கவனிக்க வேண்டியது, கல்லூரியிலிருந்து வந்ததால் அவரை லவாலுக்கு அனுப்ப முடிந்தது. ரோஸ்ஸியையும் ஏஎச்எல்லில் அயோவாவுக்கு அனுப்ப முடிந்தது, 53 ஆட்டத்தில் 51 புள்ளி எடுத்து அடுத்த வருடம் 82 ஆட்டம், 21 கோல். டல்லஸ் இன்னொரு சின்ன ஆளான ஸ்டான்கோவனுக்கு ஏஎச்எல்லில் 47 ஆட்டம் கொடுத்தது, 57 புள்ளி, பிறகுதான் மேலே. நடுவில் இருக்கும் அந்தப் படியில் இவர்கள் மூவரும் கால் வைத்திருக்கிறார்கள். கேட்டனுக்கு அது இல்லை. ஆகவே "முதலில் வைத்துப் பார்ப்போம்" என்பதன் ஆபத்து இவருக்கு அதிகம். சறுக்கினால் விழுவது நேராக ஜூனியருக்கு.

ஸ்காபரோத்_தமிழன்

அதைத்தான் நானும் முதலிலை இருந்து சொல்லுறன். ஆனால் தங்கச்சி சொன்னதிலையும் நியாயம் இருக்கு, இரண்டாவது வருசம் எண்டதை நான் கணக்கிலை எடுக்கேல்லை. பாயின்ட் எண்டொரு ஆள் ஞாபகம் வருது. டாம்பா 79-வதா எடுத்தது, 5 அடி 10. டிராஃப்டுக்குப் பிறகு இரண்டு வருசம் மூஸ் ஜா ஜூனியர் அணியிலைதான் ஆடினவர். பார்பரா அண்டர்ஹில்லோட, அதுதான் பழைய ஜோடி ஸ்கேட்டிங் உலக சம்பியன், அவவோட ஸ்கேட்டிங்கைத் திருத்தினவர். 2016-17-இல் நேரா டாம்பாவிலை, 68 ஆட்டத்திலை 40 புள்ளி. அப்ப திரும்பிப் போறதிலையும் வேலை இருக்கு, ஆனால் வேலை என்னெண்டு முதலே எழுதிக் குடுத்து அனுப்ப வேணும். சும்மா போய்ப் புள்ளி எடு எண்டு அனுப்பினால் தங்கச்சி சொன்ன கெட்ட பழக்கம்தான் மிஞ்சும்.

ஐ90_ரசிகை

அப்படி எழுதிக் கொடுப்பதானால் என் பட்டியல் குறுகியது. ஷிஃப்ட் 50 நொடிக்கு மேல் போகக் கூடாது. பக்கை இழந்ததும் முதல் மூன்று அடி முழு வேகம். ஒவ்வொரு ஆட்டத்திலும் சுவரில் வாங்கியவற்றை வீடியோவில் எண்ணி, வெளியேறியது எத்தனை என்று சியாட்டிலுக்கு அனுப்ப வேண்டும். டிசம்பரில் மினசோட்டாவில் உலக ஜூனியர், அவர் 2006-இல் பிறந்தவர், வயது சரியாக இருக்கிறது. சியாட்டிலில் வைத்திருந்தாலும் அதற்கு விடுவிக்கலாம். நவம்பரில் நிமிடம் குறைந்துவிட்டால் அது நல்ல கதவு.

நீலக்கோடு

என் கருத்து: 9 ஆட்டம் கொடுக்க வேண்டும், இடது விங்கில், தொடர்ச்சியாக. ஒன்பதும் அக்டோபருக்குள் முடிய வேண்டும். அதன் பிறகு முடிவு. பிரஸ் பாக்ஸ் நீட்டல் வேண்டாம்.

அதுவரை முன்சீசன் ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் கோலை எண்ண வேண்டாம். முதல் இரண்டு ஆட்டத்தில் எதிரணி பாதி ஏஎச்எல் ஆட்களை இறக்கும், அவற்றிலிருந்து ஒன்றும் தெரியாது. கடைசி இரண்டில்தான் முழு அணி வரும். அந்த இரண்டில், அதுவும் கால் தளரும் மூன்றாம் பகுதியில், அவர் அரைச்சுவரில் வாங்கிய ஒவ்வொரு பக்கையும் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை வந்தது, எத்தனை நீலக்கோட்டைத் தாண்டியது, வருவதற்கு முன் தலை திரும்பியதா. யாராவது குறித்தால் இங்கே போடுங்கள், நானும் என்னுடையதைப் போடுகிறேன்.

மூலைச்சுவர்

குறிக்கிறேன். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி வாங்கினார் என்பதையும் சேர்த்து.